பாரிஸ் மூலிகைத் தோட்டம்: கொடுத்ததும் எடுத்ததும்

 

ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். ஐரோப்பாவில் முஸ்லிம்களின் சுவடுகள் என்றவுடன் கொர்தோபாவும் கிரனாடாவும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிப் பலரும் சிறப்புற எழுதியுள்ளனர். எனவே, அதிகம் பேசப்படாத வேறோர் இடத்தைப் பற்றி எழுதலாம் எனக் கருதினோம். பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில், அங்குள்ள பெரிய பள்ளிவாசலுக்கு நேரெதிரே அமைந்திருக்கும் பொதுத் தோட்டமே அவ்விடம். பிரெஞ்சு மொழியில் அதனை 'ஜார்தன் தே பிளாந்த்' என்பர். 'தாவரங்களின் தோட்டம்' என்பது அதன் பொருள்.

தோட்டத்திற்கும் ஜமாஅத் மலருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. பொதுமக்களின் நன்மைக்கென ஒதுக்கப்பட்ட ஓர் இடம், மன்னராட்சி, புரட்சி, போர் ஆகிய அனைத்தையும் கடந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது. அத்தகைய இடத்தின் நற்பெயருக்கு எது களங்கம் உண்டாக்குகிறது என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. வக்ஃபுச் சொத்துகளைப் பரிபாலிக்கும் நமக்கு இவ்விரண்டும் அறிய வேண்டிய செய்திகளே.

தோட்டம் உருவான வரலாறு

பதின்மூன்றாம் லூயி மன்னரின் அரசவை மருத்துவர்களுள் ஒருவர் கீ தெ லா ப்ரோஸ். மருத்துவம் பயிலும் மாணவர்கள் மூலிகைகளை ஏட்டில் மட்டும் படித்தால் போதாது, அவற்றைக் கண்ணால் கண்டு கையால் தொட்டு அறிய வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அவருடைய விடாமுயற்சியால் 1626-ஆம் ஆண்டு அரச மூலிகைத் தோட்டம் அமைப்பதற்கான முதல் ஆணை பிறந்தது. 1633-இல் நிலம் வாங்கப்பட்டது. 1635-இல் இறுதி ஆணை வெளியாயிற்று. 1640-இல் தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவினர் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர். மருத்துவக் கல்வி தங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். அக்காலத்தில் உயர்கல்வி இலத்தீன் மொழியிலேயே நடைபெற்றது. தோட்டத்தில் நடந்த பாடங்களோ மக்கள் பேசும் பிரெஞ்சு மொழியில், கட்டணமின்றி, விரும்பியவர் எவரும் வந்து கேட்கும் வண்ணம் நடத்தப்பட்டன. அறிவின் வாசலைத் திறக்கும்போது, அதுவரை திறவுகோலை வைத்திருந்தவர்கள் மனம் நோவது எக்காலத்திலும் உள்ளதுதான்.

மூலிகைத் தோட்டம் வைத்து ஆராயும் மரபு ஐரோப்பாவிற்கு முற்றிலும் புதியதன்று. 11-ஆம் நூற்றாண்டிலேயே முஸ்லிம் ஸ்பெயினின் துலைத்துலா நகரில் ஆட்சியாளர் மஃமூனுக்காக இப்னு வாஃபித், இப்னு பஸ்ஸால் போன்ற அறிஞர்கள் தோட்டப் பணியில் ஈடுபட்டிருந்தனர். மாலகா நகரில் பிறந்து 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருட்களை அகர வரிசையில் தொகுத்து மாபெரும் நூல் ஒன்றை யாத்தார். இப்னு சீனாவின் மருத்துவ நூல் 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. இத்தாலியின் பீசா, பதுவா நகரங்களில் 1540-களில் மூலிகைத் தோட்டங்கள் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து பிரான்சின் மோன்பெலியேயிலும் பின்னர் பாரிஸிலும் தோட்டங்கள் எழுந்தன. ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றொருவர் தம் விளக்கை ஏற்றிக்கொண்டார் என்பதே இதன் உண்மை.

நாம் கண்ட காட்சி

பாரிஸ் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, லுஹர் தொழுகையைப் பள்ளியில் நிறைவேற்றிவிட்டு, சாலையைக் கடந்து தோட்டத்திற்குள் நுழைந்தோம். உள்ளே செல்லக் கட்டணமில்லை. விலங்குக் காட்சிசாலை, கண்ணாடி வீடுகள், அருங்காட்சியகக் கூடங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே சீட்டு வாங்க வேண்டும். முதியவர்கள் இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரின் பின்னே வரிசையாகச் சென்றுகொண்டிருந்தனர். பாத்திகளில் ஒவ்வொரு செடியின் அருகிலும் அதன் பெயர் எழுதிய சிறு பலகை நின்றது. பெயர் தெரியாத ஒருவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பக்கத்தில் சுற்றுப் பாதைகளுடன் கூடிய சிறு குன்று உள்ளது. இயற்கையான மலையன்று அது. பழங்காலத்தில் நகரத்தார் கொட்டிய கழிவும் கல்லும் மண்ணும் சேர்ந்து உயர்ந்த மேடு. குப்பைமேட்டைச் சீர்ப்படுத்தி மரம் வைத்து, மக்கள் ஏறி இளைப்பாறும் இடமாக்கியிருக்கிறார்கள்.

அக்குன்றின் சரிவில் லெபனான் நாட்டுத் தேவதாரு மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கிறது. 1734-இல் பெர்னார் தெ ஜுஸ்ஸியூ என்னும் தாவரவியலார் அதனை நட்டார். சிரியாவிலிருந்து தம் தொப்பிக்குள் மண்ணை வைத்து அக்கன்றைக் கொண்டுவந்தார் என்றொரு கதை வழங்குகிறது. உண்மையில் அவர் கன்றுகளை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார். தொட்டி உடைந்துபோனதால், தோட்டத்தை நெருங்கிய சிறிது தொலைவுக்கு மட்டுமே தொப்பியில் ஏந்திவந்தார் என்பர். நட்டவர் மறைந்து இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாயின. நிழல் இன்னும் வழங்கிக்கொண்டிருக்கிறது. மரம் நடுவதை மார்க்கம் ஏன் நிலையான தர்மங்களுள் ஒன்றாக எண்ணுகிறது என்பது அம்மரத்தின் கீழ் நிற்பவருக்கு விளங்கும்.

மலைத்தாவரப் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிற்கும் பிஸ்தா மரம் ஒன்றும் உள்ளது. தாவரங்களிலும் ஆண், பெண் என இரு பால் உண்டு என்பதை வாய்யான் என்னும் அறிஞர் 1717-இல் இத்தோட்டத்தில் சொற்பொழிவாக எடுத்துரைத்தபோது, கேட்டோர் பலர் திகைத்தனர். தம் கருத்துக்கு அவர் சான்றாகக் கொண்டது இந்த பிஸ்தா மரத்தை. ஆண் பேரீச்சையின் பூந்துகளைப் பெண் மரத்தில் சேர்க்கும் வழக்கத்தை மதீனத்து விவசாயிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே கையாண்டு வந்ததை ஹதீஸ் படித்த நம் மாணவர்கள் அறிவர். உழவர் கைப்பழக்கமாக அறிந்திருந்ததை அறிஞர் காரணத்தோடு விளக்கினார். இரண்டும் மதிக்கத்தக்கவை.

காப்பிச் செடியின் பயணம்

இத்தோட்டத்தின் வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது காப்பிச் செடியின் கதையே.

15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்கக் காப்பி அருந்தினர். 1511-இல் மக்காவில் காப்பி ஆகுமா ஆகாதா என்ற விவாதம் எழுந்து, தடையும் விதிக்கப்பட்டு, பின்னர் நீங்கிற்று. ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து காப்பிக்கொட்டை உலகெங்கும் சென்றது. 1690-களில் டச்சுக்காரர்கள் நம் மலபார்க் கரையிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவாத் தீவுக்குக் கொண்டுசென்றனர். ஜாவாவிலிருந்து ஒரு செடி 1706-இல் ஆம்ஸ்டர்டாம் தோட்டத்தை அடைந்தது. அதன் வழிவந்த ஒரு செடியை 1714-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் பதினான்காம் லூயி மன்னருக்கு அன்பளிப்பாக வழங்கினார். அது பாரிஸ் தோட்டத்தில் கண்ணாடிக் கூரையின் கீழ் வளர்க்கப்பட்டது.

1720-களின் தொடக்கத்தில் தெ க்ளியூ என்னும் கடற்படை அதிகாரி, பாரிஸ் தோட்டத்துச் செடியின் வழிவந்த கன்றை மேற்கிந்தியத் தீவான மார்த்தினிக்கிற்குக் கப்பலில் கொண்டுசென்றார். வழியில் குடிநீர் குறைந்தபோது தம் பங்கு நீரைக் கன்றோடு பகிர்ந்துகொண்டதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். அமெரிக்கக் கண்டத்தில் காப்பி பரவிய வழிகளுள் இது முதன்மையானது.

இதுவரை கேட்பதற்கு இனிய செய்தி. அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். அத்தீவுகளில் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சேன் தோமிங்கு 1780-களின் இறுதியில் உலகக் காப்பியில் ஏறத்தாழ பாதியை விளைவித்தது. 1791-இல் அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804-இல் அது ஹெய்ட்டி என்னும் விடுதலை நாடாயிற்று. இறை தியானத்திற்குத் துணையாக அருந்தப்பட்ட ஒரு பானம், மனிதரை மனிதர் வதைக்கும் தொழிலாக மாறியது. செடியின்மீது குற்றமில்லை. அதனைக் கொண்டு பொருளீட்டியவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

தோட்டக்காரரின் மகன்

தோட்டத்தைத் தாங்கி நின்றவர்கள் மன்னர்கள் மட்டுமல்லர். 1747-இல் அத்தோட்டத்திலேயே ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர் ஆந்த்ரே துவேன். தந்தை இறந்தபின் 1764-இல் தம் பதினேழாம் வயதில் தலைமைத் தோட்டக்காரர் பொறுப்பை ஏற்றார். உலகின் பல பகுதிகளில் இருந்தோருக்குக் கடிதம் எழுதி விதைகளைப் பெற்றார், பெற்றவற்றைப் பெருக்கிப் பிறருக்கு அனுப்பினார். ஆண்டுதோறும் விதைப் பட்டியல் வெளியிட்டுப் பிற தோட்டங்களோடு விதை பரிமாறும் வழக்கம் அங்கு இன்றும் உண்டு.

1789-இல் புரட்சி வெடித்தது. மன்னர் பெயர் தாங்கிய பல நிறுவனங்கள் மூடப்பட்டன. இத்தோட்டமோ மூடப்படவில்லை. 1793 ஜூன் 10 அன்று அது தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றியமைக்கப்பட்டது. பன்னிரண்டு பேராசிரியர்கள் சம உரிமையுடன் அமர்த்தப்பட்டனர். அவர்கள் தங்களுள் ஒருவரை ஆண்டுதோறும் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். தோட்டக்காரரின் மகனான துவேனும் அப்பன்னிருவருள் ஒருவரானார். கூடிக் கலந்து முடிவெடுக்கும் அமைப்பும், உழைப்பவரை உயர்த்தும் வழக்கமும் இருந்தமையால் அத்தோட்டம் புயலைத் தாங்கிற்று எனலாம்.

அந்நிறுவனத்தின் தொடர்பு நம் தமிழகக் கரையையும் எட்டியது. அதன் சார்பில் 1816-இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெஷெனோ என்னும் தாவரவியலார், புதுச்சேரியில் தங்கி அங்குத் தாவரத் தோட்டம் அமைத்தார். 1822-இல் நாடு திரும்பும் வரை இந்நாட்டுச் செடிகளையும் விதைகளையும் திரட்டி அனுப்பினார். புதுச்சேரிக்குச் செல்லும் நம்மவர் கண்டு வரும் தாவரவியல் பூங்காவிற்கும் பாரிஸ் தோட்டத்திற்கும் இவ்வாறொரு பழைய உறவு உண்டு.

எகிப்திலிருந்து வந்த அன்பளிப்பு

எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலீ பாஷா, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸுக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். சூடானில் பிடிக்கப்பட்ட அக்குட்டி, நைல் நதி வழியே அலெக்சாந்திரியா வந்து, கப்பலேறி 1826 அக்டோபரில் மார்செய் துறைமுகத்தை அடைந்தது. 1827 மே 20 அன்று அங்கிருந்து பாரிஸுக்கு நடைப்பயணம் தொடங்கியது. ஏறத்தாழ 880 கிலோமீட்டர் தொலைவை 41 நாட்களில் அது நடந்தே கடந்தது. பால் கொடுப்பதற்காகப் பசுக்களும் உடன் சென்றன. அருங்காட்சியகத்தின் பேராசிரியர் ஜெஃப்ருவா சேன் ஹிலேர், தம் 55-ஆம் வயதில் உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது அதனோடு நடந்தார். தோட்டத்தில் அதனைக் காண இலட்சக்கணக்கானோர் திரண்டனர். 1845-இல் இறக்கும் வரை அது அங்கேயே வாழ்ந்தது.

ஆனால் அன்பளிப்பு நட்பைக் காக்கவில்லை. அதே 1827 அக்டோபரில், கிரேக்கப் போரின்போது, நவாரினோ கடற்போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் பிரிட்டிஷ், ரஷ்யக் கப்பல்களோடு சேர்ந்து உதுமானிய, எகிப்தியக் கடற்படையை அழித்தன. 1830-இல் அதே பத்தாம் சார்லஸின் படைகள் அல்ஜீரியாவில் இறங்கின. அந்நாடு விடுதலை பெற 1962 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எடுக்கத் தகாதவை

இப்போது எழுதப்போவது வேதனைக்குரியது. எனினும் வரலாறு எழுதுபவன் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுதல் முறையன்று.

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சாரா பார்ட்மேன் என்னும் பெண்மணி ஐரோப்பாவில் காட்சிப் பொருளாக நடத்தப்பட்டார். 1815-இல் இத்தோட்டத்து அறிஞர்கள் முன் நிறுத்தப்பட்டு ஆராயப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் அவர் இறந்தபின், புகழ்பெற்ற அறிஞர் கூவியே அவருடைய உடலை அறுத்துப் பார்த்தார். எலும்புக்கூடு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1974 வரை அக்காட்சி நீடித்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் 2002-இல் தனிச்சட்டம் இயற்றிய பின்னரே அவர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 9 அன்று அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அல்ஜீரியாவில் ஸாத்சா என்னும் பாலைவனச் சோலைக் கிராமம் 1849-இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றது. அக்கிராமத்தை வழிநடத்திய ஷெய்கு பூஸியான் கொல்லப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டது. அவருடைய மண்டை ஓடும் வேறு பல மண்டை ஓடுகளும் பாரிஸ் சென்று, இதே நிறுவனத்தைச் சேர்ந்த மனித இன அருங்காட்சியகத்தில் எண்ணிட்ட பெட்டிகளில் கிடந்தன. 2020 ஜூலை 3 அன்று 24 மண்டை ஓடுகள் அல்ஜீரியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. ஜூலை 5, அந்நாட்டின் விடுதலை நாளன்று, அவை அடக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் போராளிகளுடையவை என உறுதியாக அறியப்பட்டவை சிலவே என்று பின்னர் செய்தி வெளியாயிற்று. யாருடைய தலை என்பதுகூடத் தெளிவாகத் தெரியாத அளவுக்கு அவை வைக்கப்பட்டிருந்தன என்பது மேலும் துயரம் தருகிறது. மனித எச்சங்களைத் திருப்பித் தருவதற்கான பொதுச் சட்டத்தைப் பிரான்சு 2023 டிசம்பரில் இயற்றியது.

செடியின் அருகே பெயர்ப்பலகை வைத்த நிறுவனம், மனிதருக்கு எண்ணை மட்டும் கொடுத்தது. அறிவு எவ்வளவு பெருகினாலும் அடக்கம் இல்லையேல் அது அநீதிக்குத் துணைபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிரே எழுந்த பள்ளிவாசல்

முதல் உலகப்போரில் அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளின் முஸ்லிம் வீரர்கள் பிரான்சுக்காகப் போரிட்டனர். பல்லாயிரவர் உயிர் நீத்தனர். அவர்களுக்கு நன்றிக்கடனாகப் பாரிஸில் பள்ளிவாசல் கட்ட 1920 ஆகஸ்டில் சட்டம் இயற்றி, ஐந்து இலட்சம் ஃபிராங்க் ஒதுக்கப்பட்டது. தோட்டத்திற்கு எதிரே பழைய மருத்துவமனை இருந்த நிலத்தைப் பாரிஸ் நகராட்சி அளித்தது. பணியை முன்னின்று நடத்தியது 1917-இல் அமைக்கப்பட்ட 'ஹபூஸ்' சங்கம். நாம் வக்ஃபு என்பதை வட ஆப்பிரிக்க மக்கள் ஹபூஸ் என்பர். 1926 ஜூலை 15 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தூமெர்க், மொராக்கோ சுல்தான் மௌலாய் யூசுப் ஆகியோர் முன்னிலையில் பள்ளி திறக்கப்பட்டது. அதன் மினாரா 33 மீட்டர் உயரமுடையது.

பள்ளிக்கும் தோட்டத்திற்கும் இடையே செல்லும் சாலைக்கு, ஒட்டகச்சிவிங்கியோடு நடந்துவந்த அதே ஜெஃப்ருவா சேன் ஹிலேரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. சாலையின் ஒரு புறம் அல்ஜீரியரின் மண்டை ஓடுகளைச் சேகரித்த நிறுவனம், மறுபுறம் அல்ஜீரியர் சிந்திய குருதிக்கு நன்றியாக எழுந்த இறையில்லம். ஒரு நாட்டின் கணக்கேட்டில் வரவும் செலவும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதுபோல் அவை நிற்கின்றன.

நாம் பெற வேண்டிய படிப்பினை

தோட்டம் நிலைத்தது எதனால்? வாசல் அனைவருக்கும் திறந்திருந்தது. பாடம் மக்கள் மொழியில் சொல்லப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதிவும் இருந்தன. தோட்டக்காரரின் மகனும் உயர வழி இருந்தது. பெற்ற விதை பூட்டி வைக்கப்படாமல் பிறருக்குப் பகிரப்பட்டது. அதன் பெயர் கெட்டது எதனால்? உரிமையில்லாததை எடுத்து வைத்துக்கொண்டதனால். எடுத்தவர்கள் மறைந்து பல தலைமுறைகள் கடந்தபின்னும், அதனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு பின்வந்தவர்களின் தோளில் விழுந்தது. அமானிதம் உரியவரிடம் சேர்க்கப்படும் வரை அதன் சுமை நீங்குவதில்லை.

நம் முன்னோர் பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் எழுதிவைத்த நிலமும் மனையும் கடையும் இதே இரண்டு கேள்விகளை நம்மிடம் கேட்கின்றன. பத்திரங்களும் பழைய பதிவேடுகளும் ஒழுங்காகப் பாதுகாக்கப்படுகின்றனவா? வக்ஃபின் பயன் எவருக்கென எழுதப்பட்டதோ அவருக்குச் சென்று சேர்கிறதா? கைமாறிய சொத்து ஏதேனும் எவர் கையிலேனும் தங்கியிருப்பின், அது நம் பேரப்பிள்ளைகளின் தலையில் கடனாக ஏறுமுன் திரும்ப வர வேண்டும். இம்மலரின் பின்பக்கங்களில் அச்சாகியுள்ள வரவு செலவுக் கணக்கை ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் நிதானமாகப் படித்து, ஐயமிருப்பின் பொதுக்குழுவில் தயங்காது கேட்க வேண்டுமென அன்புடன் வேண்டுகிறோம். கேட்பது குறை கூறுதல் ஆகாது. அதுவும் பரிபாலனத்தில் ஒரு பங்கே.

மையவாடியின் ஓரத்தில் இவ்வாண்டு மழைக்காலத்தில் வேம்பும் புங்கையும் நட்டு, மத்ரஸாப் பிள்ளைகளின் கையாலேயே பெயர்ப்பலகை எழுதி வைப்பது நன்று. நடுபவர் நாமாக இருப்போம். நிழலில் அமர்பவர் யாராக இருந்தால் என்ன?

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் குறைவின்றிக் காத்து, அடுத்த தலைமுறையிடம் கையளிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.